மாத்தாள் முறை

மேலக்கரிசல்பட்டி
தை மாதம், திங்கட்கிழமை

ஓசூரில் மகன் வீட்டில் இருக்கும் தம்பி சம்சாரம் இருளம்மாளுக்கு உன் மதினி பத்திரகாளி எழுதுவது. நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று ஐந்தாம் வகுப்பு வாத்தியார் சொன்னார். கேட்டுவிட்டேன். என் நலத்தை நீ கேட்க வேண்டாம்.

போன் போட்டால் நீ எடுப்பதில்லை. பேத்தி பாண்டிமீனா, "சொல்லுங்க அப்பத்தா, செல்லுல அடிச்சு அனுப்புறேன்" என்றாள். எனக்குக் கையெழுத்து இருக்கிறது, நானே எழுதிக்கொள்வேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆவணியில் புழுதியில் போட்ட குதிரைவாலி புரட்டாசி மழையில் முளைத்ததும் நாம் இருவரும் சிரித்தோம். அதோடு வானம் வாயை மூடிக்கொண்டது. ஐப்பசியில் சித்திரை வெயில் அடித்துப் பயிர் கருகியது. மறுபடி விதைக்க உன் வீட்டில் ஒரு மணி இல்லை. நான் சாம்பல் கலந்து பானையில் வைத்திருந்ததில் பாதியை உன் முந்தானையில் கொட்டினேன். என் மாமியார் காலத்து விதை அது. கொட்டும்போது எனக்குக் குறையுமே என்று தோன்றவில்லை.

பிறகு கார்த்திகையில் மழை ஒரே மூச்சாக வந்தது. விதைத்தோம். பயிரோடு களையும் வந்தது. முன்பெல்லாம் மழை விட்டுவிட்டுப் பெய்யும், கரிசலில் ஈரம் நிற்கும். ஒருத்தி காட்டை முடித்துவிட்டு அடுத்தவள் காட்டுக்குப் போக நேரம் இருக்கும். இப்போது கொட்டித் தீர்த்த மறுநாளே வெயில். மண் இறுகிவிட்டால் களைகொத்தி இறங்காது. முதலில் களை எடுத்த காடு பிழைக்கும், பின்னால் எடுக்கிற காடு போய்விடும். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் உன் காட்டை முதலில் எடுப்போம் என்றேன். தம்பி செத்துப்போன பிறகு நீ தனியாகப் போட்ட முதல் வெள்ளாமை என்பதால்.

இன்று உன் காட்டில் நான், நாளை என் காட்டில் நீ. கூலிப் பேச்சே கிடையாது. மாத்தாள் என்று நம் ஆத்தாமார் காலத்திலிருந்து இதைத்தானே சொல்கிறோம்? உன் காட்டுக் களை முடிந்த அன்று, "நாளைக்கு நான்தான் உங்கள வந்து எழுப்பணும் மதினி, கெழவி தூங்கிறப்போறீக" என்று கேலி பேசினாய்.

மறுநாள் பொழுது சாயும்வரை என் காட்டில் ஒற்றையாய்க் குனிந்து கிடந்தேன். நம்மோடு மாத்தாள் சேரும் மற்ற பெண்கள் பட்டாசுக் கம்பெனி திறந்ததும் வேலைக்குப் போய்விட்டார்கள். என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்கள், அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. சாயங்காலம் அவர்களை இறக்கிவிட வந்த வேன் டிரைவர் பலவேசம், "அத்தே, யாரப் பாத்து நிக்கீக? இருளம்மா அத்தைய காலையிலயே சாத்தூர் பஸ் ஸ்டாண்டுல எறக்கிவிட்டேனே. மருமகளுக்குப் பிரசவமாம்ல" என்றான். வேனில் இருந்த அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "தெரியும்லே, எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனா" என்றேன். அந்தப் பொய் உனக்காகச் சொன்னது.

பிரசவத்துக்குப் போனது தப்பா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் பையை நானே தூக்கிவந்து பஸ் ஏற்றியிருப்பேன். என்னிடம் சொல்ல என்ன பயம் உனக்கு?

ஒருத்தி கையால் எவ்வளவு முடியும்? மண் இறுகிவிட்டது. சாரணையும் கோரையுமாகக் களை என் காட்டை மூடிவிட்டது. உன் காடு மட்டும் கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் நான் போக வேண்டியிருக்கிறது.

போன வாரம் உக்கிரபாண்டி ஆட்டை ஓட்டிக்கொண்டு உன் காட்டுக்கு வந்தான். அறுக்க ஆள் இல்லை, மேய்த்துக்கொள் என்று உன் மகன் பாண்டிமுருகன் போனில் சொன்னானாம். நான் குறுக்கே நின்றேன். "இது உங்க காடா? எதுக்கு மறிக்கீக?" என்றான். "காடு அவ காடு, வெதை என் வெதை. உள்ள கால வச்சுப் பாருலே" என்றேன். சிரித்துக்கொண்டே, இருக்கன்குடியில் தை கடைசி வெள்ளி கும்பிட்டுவிட்டு வருவேன், அதற்குள் ஒரு முடிவு சொல்லுங்கள் என்று போனான்.

ஆடு வராவிட்டாலும் மழை வந்துவிடும். இப்போதெல்லாம் தையிலும் மேகம் கட்டுகிறது. ஒரு தூறல் விழுந்தால் மணி கதிரிலேயே முளைத்துவிடும். என் பானை காலி. இந்த ஊரில் அந்த விதை வேறு யாரிடமும் இல்லை. உன் காட்டில் நிற்பதுதான் மிச்சம்.

நானே அறுத்துக்கொண்டால் கேட்க ஆள் இல்லை. ஆனால் அடுத்தவள் காட்டில் கேட்காமல் அரிவாள் வைக்கிறவள் இல்லை நான். உன் மகன் சொன்னால் போதாது, நீ சொல்ல வேண்டும். போனை எடுத்து "அறுங்க மதினி" என்று மட்டும் சொல். வேறு எதுவும் பேச வேண்டாம். ஏன் போனாய் என்று கேட்க மாட்டேன். அறுத்து உலர்த்தி, உன் பங்கு விதையைத் தனிப் பானையில் வைப்பேன்.

பிறந்தது பேரனா பேத்தியா என்றுகூட எனக்கு யாரும் சொல்லவில்லை. எதுவானாலும் மாரியம்மன் துணையிருப்பாள். ஓசூரில் குளிர் அதிகமாமே, பிள்ளைக்குக் காதை மூடிக் கட்டு. நீயும் மூடிக்கொள்.

என் காட்டு வேலைக்கென்று முதல் நாளே என் வீட்டில் போட்டுவிட்டுப் போன உன் களைகொத்தி இங்கேதான் கிடக்கிறது. துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். அடுத்த வருசம் மழை எப்போது வருமோ, யார் கண்டது? வந்தால், முதலில் என் காடு.

இப்படிக்கு
உன் மதினி
பத்திரகாளி