ஈரத் துணி

சென்னை,
8-12-1976

மரியாதைக்குரிய மாமாவுக்கு, உங்கள் மனைவி காந்தா ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுவது. நானும் நம் மகளும் உயிரோடு இருக்கிறோம். சுகமா என்று கேட்டு உங்களிடமிருந்து ஒரு கார்டும் வராததால் நானே சொல்லிவிட்டேன்.

மூன்று நாளாகக் குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை. உச்சந்தலையில் தோல் இல்லாத இடம் பிறந்தபோது ஒரு ரூபாய் அகலம் இருந்ததே, இப்போது ஓரத்திலிருந்து தோல் ஏறி நாலணா அளவுக்கு வந்திருக்கிறது. உப்புத் தண்ணீரில் நனைத்த துணியைக் காயவிடாமல் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான் வைத்தியம். ஆறினாலும் அந்த இடத்தில் முடி முளைக்காதாம். முளைக்காவிட்டால் போகிறது.

வந்த அன்று டாக்டரம்மா சத்தம் போட்டார். பிறந்தபோதே போடச் சொன்ன ஈரத் துணியைப் பிடுங்கிவிட்டு வசம்புக் கரி வைத்தது யார், அதனால்தானே சீழ் பிடித்தது என்று கேட்டார். நான்தான் என்று சொல்லிவிட்டேன். அத்தை செய்தது. எல்லாம்தான் என் தலையில் இருக்கிறதே, இதுவும் இருக்கட்டும்.

பார்க்க வந்த பக்கத்து வீட்டு வள்ளி சொன்னாள். “கிரகணத்துல கத்தரி புடிச்சா புள்ளைக்குத் தலை எப்படிக் கூடும்” என்று அத்தை தெருவெல்லாம் சொல்லிக்கினு இருக்கிறாராம். பிடித்தது உண்மைதான். பிடிக்கச் சொன்னது யார்? சித்திரை அமாவாசை, கிரகண நேரம். அத்தை வீட்டில் இல்லை. கல்யாண வீட்டார் வாசலில் நிற்கிறார்கள், நெய்து முடித்த சேலை அறுக்காமல் தறியில் கிடக்கிறது. அமாவாசையில் தறியைத் தொட உங்களுக்குப் பயம். மூணு மாசக்காரி என்று தெரிந்தும் என் கையில் கத்தரியைக் கொடுத்து அறுக்கச் சொன்னீர்கள். குழந்தை பிறந்ததும் அத்தை விசாரித்தபோது நான் ஒப்புக்கொண்டேன். நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தீர்கள்.

கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, வயிற்றில் வளரும்போதே சில குழந்தைகளுக்கு இப்படி ஆகும், யார் மேலும் குற்றமில்லை என்கிறார் டாக்டரம்மா. கேட்டுவிட்டு வாய்விட்டு அழுதேன். நீங்கள் அதை நம்பாவிட்டாலும் பரவாயில்லை. அறுக்கச் சொன்னது நீங்கள் என்பதை மட்டும் அத்தையிடம் சொல்லுங்கள். என் கை பாவக் கையாக இருக்கிறவரை நான் போடும் துணியை அந்த வீட்டில் விட்டுவைக்க மாட்டார்கள். இன்னொரு தடவை கரி வைத்தால் குழந்தை பிழைக்காது.

வெள்ளிக்கிழமை அனுப்புகிறார்கள். அத்தையிடம் சொல்லிவிட்டு வாருங்கள். சொல்ல முடியாவிட்டால் வர வேண்டாம், நான் மாகறலில் அம்மா வீட்டுக்குப் போகிறேன். வந்தால் ஒன்று செய்யுங்கள். இருபத்தாறு நாளில் நீங்கள் மகளின் முகத்தைத்தான் பார்த்திருக்கிறீர்கள். தலையை ஒரு தடவை பாருங்கள்.

வரதராஜப் பெருமாள் உங்களுக்கு நல்ல உடம்பையும், பேசுவதற்கு ஒரு வாயையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் தாய்,
காந்தா