அப்பாவைக் கரையோரம் விடவில்லை

அன்புள்ள வைஜுவுக்கு,

அப்பாவின் அஸ்தியைப் புதன்கிழமை கடலில் கரைத்தோம். நீ ஏன் வரவில்லை என்று அதிகம் பேர் கேட்கவில்லை. கேட்டவர்களிடம் விசா கிடைக்கவில்லை என்றேன்.

முப்பது வருஷம் நேவியில் உலகமெல்லாம் சுற்றியவர். செம்பூர் பிளாட்டிலும் சமையலறைக்குள் வர என்னிடம் சல்யூட் அடித்து அனுமதி கேட்பார். அவரைக் கரையோரம் விட மனசு வரவில்லை. மந்திரம் சொல்ல வாத்தியாரையும் ஏற்றிக்கொண்டு படகு பிடித்தேன்.

கொஞ்ச தூரத்திலேயே வாத்தியாருக்கு முகம் வெளுத்துவிட்டது. "மாமி, இங்கேயே விட்டுடலாமே, எல்லாம் ஒரே ஜலம்தானே?"

"அவர் காதுல விழுந்தா எழுந்து வந்துடுவார். இன்னும் போகட்டும்," என்றேன்.

மந்திரத்தைப் பாதியில் விட்டுவிட்டு வாத்தியார் குனிந்து வாந்தியெடுத்தார். மீதி மந்திரம் எனக்குத் தெரியாது. அப்பா எனக்குக் கடிதம் போட்ட துறைமுகங்களை வரிசையாகச் சொன்னேன்: ஏடன், மொம்பாசா, சிங்கப்பூர்... படகுக்காரர் பக்தியோடு கைகூப்பினார்.

உங்கள் இருவருக்கும் பேச்சு நின்று பதினோரு வருஷம். யார் முதலில் பேசுவது என்று இரண்டு பேரும் காத்திருந்தீர்கள். நீ ஜெயித்துவிட்டாய்.

வாத்தியாரிடம் சொல்லாதே, பாதி அஸ்தியைத்தான் கரைத்தேன். மீதி கலசத்தோடு பால்கனியில் இருக்கிறது. நீ வந்தால் அதே படகைச் சொல்லிவைக்கிறேன். வாத்தியார் வேண்டாம். நாம் மூன்று பேர் மட்டும் போகலாம்.

உன் அம்மா