உங்கள் கார் சாமான்களைக் கொடுத்துவிட்டேன்

எல்லாம் போய்த் தொலைந்தது என்று நினைத்திருந்தேன். இன்று காலை அரிசி டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டால், தெலுங்குச் செய்தித்தாளில் சுற்றிய ஒரு கார்புரேட்டர் வருகிறது. பெட்ரோல் வாடைகூடப் போகவில்லை. நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. நான் இன்னும் உங்களோடு சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

மாதக் கடைசிக்குள் மௌலா அலி வீட்டைக் காலி செய்துவிட்டு, ஹப்சிகுடாவில் நம் மகள் வீட்டுக்குப் போக வேண்டும். என் புடவைகள் இரண்டு பெட்டியில் அடங்கிவிட்டன. உங்களுடையவை? பின்னறை முழுக்க ஸ்பேனர்கள், பூஜை அலமாரிக்குக் கீழே ஹெட்லைட்டுகள், கட்டிலுக்கடியில் நான்கு வைப்பர் மோட்டார்கள். ரயில்வே பட்டறையில் வாரம் ஆறு நாள் இரும்போடு இருந்தது போதாதென்று, ஞாயிற்றுக்கிழமை எர்ரகட்டா சந்தைக்குப் போய் மேலும் இரும்பு வாங்கி வந்தீர்கள். அத்தனையும் வாசலில் தார்ப்பாய்க்குள் நின்ற அந்தப் பழைய பியட்டுக்காக. இருபத்தாறு வருடத்தில் அது ஒரு முறைகூடக் கேட்டைத் தாண்டவில்லை. எப்போது ஓடும் என்று கேட்டால், "ஒரிஜினல் கிடைக்கட்டும்" என்பீர்கள். மகள் கல்யாணத்துக்கே வாடகைக் காரில்தான் போனோம்.

"எதுக்கு இவ்ளோ யோசிக்கிறேம்மா? எடைக்குப் போட்டுடு," என்றாள் அவள். பழைய இரும்புக்காரரை வரச் சொன்னேன். அவர் வருவதற்கு முதல் நாள், மகள் போனில் விற்பனைக்கென்று போட்டிருந்த கார் படத்தைப் பார்த்து, பட்டான்செருவிலிருந்து ஒருவர் வந்தார். கோவில்பட்டிக்காரர், மருந்துக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. அவரிடமும் இதே மாதிரி ஒரு கார் இருக்கிறதாம். பின்னறையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். இன்னொரு கார்ப் பைத்தியம் வந்து சேர்ந்ததே என்றிருந்தது எனக்கு.

"அம்மா, வண்டிய ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிப் பாக்கட்டுமா?"

நீங்கள் சேர்த்ததிலிருந்தே ஒவ்வொன்றாக எடுத்து மாட்டினார். பேட்டரி மட்டும் அவருடையது. சாயங்காலம் நாலு மணிக்கு உங்கள் கார் இரண்டு தடவை இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது.

"எல்லாச் சாமானும் இருக்கேம்மா. சார் ஏன் ஓட்டல?"

என்னை முன்சீட்டில் உட்காரவைத்து ரயில் நிலையம்வரை போய் வந்தார். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். ஒரே மத்தியான வேலைங்க! ஸ்டியரிங் பிடித்து அங்கே நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டாமா? வீடு வரும்வரை அழுதேன். அவர் பாவம், மெதுவாக ஓட்டினார்.

இரும்புக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரையும் சாமான்களையும் அந்தக் கோவில்பட்டிக்காரருக்கே கொடுத்தேன். "அது இல்ல, இது இல்லன்னு நிறுத்தி வெச்சுடாதீங்க, ஓட்டுங்க," என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

நேற்று மகள் வீட்டுக்கு ஆட்டோவில் போகும்போது தார்நாகா தாண்டியதும் இஞ்சின் சத்தம் மாறியது. யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது: "பிளக் அடைச்சிருக்குப்பா, கழட்டித் துடை."

டிரைவர் ஓரங்கட்டி, கழற்றிப் பார்த்தார். அடைத்துத்தான் இருந்தது. உங்களுக்கு எப்படியம்மா தெரியும் என்று தெலுங்கில் கேட்டார்.

"எங்க வீட்ல வேற பேச்சே இருந்ததில்லப்பா," என்றேன்.