மலையிறங்காத ஏழு வருடம்

17 பிப்ரவரி 2024

சந்தைக்குப் போய்வந்தேன். மாவு, எண்ணெய், மகள் இக்ராமுக்கு நோட்டு. போலீஸ் கேட்கும் பெயர் என்னுடையதில்லை, அதனால் நான்தான் எங்கேயும் போகிறேன். என் கணவர் துஹாமி மலையிறங்கியே ஏழு வருடம் ஆகிறது. இந்த ரிஃப் மலையில் கிஃப் என்கிற கஞ்சா போடாத வீடு எது? ஆனால் போலீசுக்குப் போன மொட்டைக் கடுதாசியில் அவர் பெயர் மட்டும்தான் இருந்தது.

ஒன்றிரண்டு வருடமாக, மருந்துக்கு என்றால் கிஃப் பயிரிட அரசாங்கமே உரிமம் கொடுக்கிறது. அதை வாங்க அலுவலகத்துக்குப் போகணும். தேடப்படுகிறவர் எப்படிப் போவார்?

21 பிப்ரவரி

அவருக்கு வயிற்றில் வலி. வலது பக்கம். ஓமத்தண்ணீர் கொடுத்தேன். நிற்கவில்லை.

22 பிப்ரவரி

காய்ச்சல் அனலாகக் கொதிக்கிறது. அவர் அண்ணன் அல்லால் வேனை வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார்.

"ஏறுடா. நான் ஓட்டுறேன். என்ன வந்தாலும் நான் பாத்துக்கிறேன்."

"ஆஸ்பத்திரியில அடையாள அட்டை கேப்பான். காட்டினா நேரா ஜெயிலு. மூணு வருஷம் உள்ள கிடந்தா இதுங்களுக்கு யாரு கஞ்சி ஊத்துவா? நீயா?"

"நான் ஊத்துறேன்டா!"

"போண்ணே, உன் வீட்டு அடுப்பே ஒழுங்கா எரியல."

வலியிலும் சிரித்தார். அல்லால் சிரிக்கவில்லை. பனியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

24 பிப்ரவரி

நினைவு தப்பியபின் தூக்கிக்கொண்டு போனோம். மூன்று மணி நேரப் பாதை. குடல்வால் வெடித்து இரண்டு நாளாகியிருக்கும் என்றார் டாக்டர். அஸர் தொழுகைக்கு முன்னால் மௌத்தாகிவிட்டார்.

யாரும் அட்டை கேட்கவில்லை. நர்ஸ் பெயரையும் வயதையும்தான் கேட்டாள்.

25 பிப்ரவரி

அடக்கினோம்.

9 மார்ச்

வெள்ளை உடுத்தியிருக்கிறேன். வருகிறவர்கள் அழுகிறார்கள். நான் தேநீர் ஊற்றிக் கொடுக்கிறேன். எனக்கு என்ன ஆயிற்று?

14 ஏப்ரல்

நோன்பும் பெருநாளும் போய்விட்டன. விதை போட்டோம். வேறு எதைப் போடுவது? இந்த மண்ணில் கோதுமை முழங்கால் உயரம்கூட வராது.

2 ஜூலை

களையெடுத்தேன்.

20 ஆகஸ்ட்

தலைநகர் ரபாத்திலிருந்து டிவியில் செய்தி. கிஃப் போட்டதற்காகத் தேடப்படுகிற ஆயிரக்கணக்கானவர்களுக்கு மன்னிப்பு. கீழே ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் குலவையிட்டார்கள். பத்து வருடமாகப் பதுங்கிக் கிடந்தவர்கள் ரோட்டு நடுவே நின்று கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

இக்ராம் கேட்டாள், "உம்மா, வாப்பா பேரும் இருக்குமா?"

"இருக்கும்."

"இப்ப சொல்றவங்க அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

பதினொரு வயது. நான் சட்டியைக் கழுவப் போனேன்.

23 ஆகஸ்ட்

ஆறு மாதம். வெறும் ஆறு மாதம்.

துஹாமி யாரையும் கொன்றதில்லை, யாருடைய ஆட்டையும் திருடியதில்லை. பிப்ரவரியில் குற்றவாளி, ஆகஸ்டில் இல்லை. செடியில் என்ன மாறிற்று? ஆனால் தாஞ்சியர் நகரத்தில் இருக்கும் என் தங்கை சொல்வாள், "உங்க சரக்கை இழுத்துட்டு எங்க தெருவுல எத்தனை பையனுங்க கிடக்குறானுங்கன்னு வந்து பாரு." நான் பார்த்ததில்லை. விற்றது எங்கே போயிற்று என்று ஒருநாளும் கேட்டதில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும். ஆனாலும் ஒன்று. அந்தப் பையன்களில் ஒருவனையாவது துஹாமியைத் தேடியது காப்பாற்றியதா?

11 செப்டம்பர்

மத்தியானம் அல்லால் வந்தார். அடுப்படி வாசலிலேயே நின்றார்.

"அந்தக் கடுதாசி... நான் எழுதினது, யம்னா."

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"வாய்க்கால் சண்டையில எம் பொண்டாட்டி முன்னாடி என்னைக் கைநீட்டிட்டான்ல. ரெண்டு நாள் உள்ள வச்சு விட்டுடுவாங்கன்னு நெனச்சேன். ஏழு வருஷம் ஆகும்னு கண்டேனா? அவன் இப்படிப் போவான்னு கண்டேனா?" சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். "ஏதாவது சொல்லு. திட்டவாவது செய்."

"அழாதீங்கண்ணே. வெங்காயம் நறுக்குறது நான்."

அவ்வளவுதான் வந்தது. பிறகு, "இக்ராமுக்குத் தெரிய வேண்டாம்" என்றேன். போய்விட்டார்.

கோபம் எங்கே போய்த் தொலைந்தது எனக்கு? இவன் எழுதினான். அவங்க தேடினாங்க. துஹாமி பயந்தார். நான் இழுத்துட்டுப் போயிருக்கணும், முதல் நாளே, முடியைப் பிடிச்சு இழுத்தாவது - நான் என்ன பண்ணேன்? ஓமத்தண்ணி கொடுத்தேன்.

6 ஜனவரி 2025

கூட்டுறவுச் சங்கத்தில் உரிமத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். என் பெயரில். நிலத்தைத் தன்னுடையதோடு சேர்த்துக் காட்டலாம், அலைச்சல் மிச்சம் என்று அல்லால் ஆள் அனுப்பினார். வேண்டாம் என்றேன்.

28 மே

உரிமம் உள்ள நிலங்களைப் பார்வையிட போலீஸ்காரர் ஒருவர் வந்தார். சின்ன வயது. ஒவ்வொரு பாத்தியாக எண்ணி எழுதினார்.

"நல்லா வந்திருக்குக்கா. யாரு கத்துக் கொடுத்தது?"

"என் வீட்டுக்காரர்."

"கூப்பிடுங்களேன், அவர்கிட்ட ஒரு விஷயம் கேக்கணும்."

"மௌத்தாயிட்டார். உங்களுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாம."

பேனா நின்றது. தொப்பியைக் கழற்றினார். "நான் இந்தப் பக்கம் வந்தே மூணு மாசம்தான்க்கா" என்றார், ஏதோ நான் அவரை அடித்துவிட்ட மாதிரி.

"தெரியும் தம்பி. தேநீர் ஆறுது."

குடித்துவிட்டு, ஒரு செடியும் மிதிபடாமல் வரப்போரமாகவே நடந்து போனார். இப்போதாவது அழுகையோ கோபமோ வரும் என்று வாசற்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. எழுந்து போய்ப் பாத்திக்குத் தண்ணீர் விட்டேன்.