பல்வலிக்குத் தந்த குளிசைகள்

என் செல்லத் தங்கச்சி வதனிக்கு,

உன் மகள் இப்போது ஓடித் திரிகிறாள். விழுந்தால் அழமாட்டாள், யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்ப்பாள். அப்படியே நீதான். என்னை "அம்மா" என்கிறாள்.

ஏழு மாத வயிற்றோடு என் குசினி வாசலில் நின்று, "அக்கா, சலம் போகேக்க எரியுது. ஒருத்தருக்கும் சொல்லாதை" என்றாய். வெயிலுக்குள் வயலுக்குப் போனால் சூடு பிடிக்காமல் என்ன செய்யும் என்று பெரிய வைத்தியர் மாதிரி நான் சொன்னேன். இளநீர் வெட்டித் தந்தேன். அடங்கவில்லை. நான் பல்லுப் பிடுங்கியபோது கிருமி கொல்ல டொக்டர் தந்த குளிசைகளில், வலி நின்றதும் போடாமல் விட்ட மூன்று அலுமாரியில் கிடந்தன. வீணாக்குவானேன் என்று வைத்திருந்தவை. எடுத்து உன் கையில் தந்தேன்.

எரிவு நின்றது. அந்தக் கிழமையே கிளினிக்கில் சலம் எடுத்தார்கள். கிருமி இல்லை என்று முடிவு வந்தது. "பாத்தியே, அக்காவின்ர கைராசி" என்று பெருமையடித்தேன். நீயும் சிரித்தாய்.

பத்து நாளில் காய்ச்சலும் நடுக்கமும். ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார்: "வீட்டில ஏதும் குளிசை போட்டவாவோ?" நீ என்னைப் பார்த்தாய். ஏச்சு விழும் என்று பயந்து, "இல்லை டொக்டர்" என்றேன். நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஏனடி காட்டிக்கொடுக்கவில்லை?

வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகளுக்கு அந்தக் கிருமி அசையவில்லை. எந்த மருந்துக்கு அடங்கும் என்று சோதித்து முடிவு வருவதற்குள் இரத்தத்தில் ஏறிவிட்டது. வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுத்தார்கள். நீ அவளைப் பார்த்தாயா? நீ போவதற்கு முன் ஒருமுறை கண் திறந்தாய் என்று தாதி சொன்னார்.

விதி என்றார் உன் மனுசன். இரண்டு வருடமாக நானும் தலையாட்டினேன்.

போன கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல். அதே ஆஸ்பத்திரி, வேறு டொக்டர், இளம்பெண். "வீட்டில ஏதும் மருந்து குடுத்தனீங்களோ?"

"இல்லை" என்றேன். இந்த முறை உண்மைதான். ஆனாலும் அதோடு நிறுத்தவில்லை. "இவளுக்குக் குடுக்கேல்லை. இவளின்ர அம்மாவுக்குக் குடுத்தனான்" என்று தொடங்கி முழுவதையும் சொல்லிவிட்டேன். பக்கத்துக் கதிரையில் உன் மனுசன் பிள்ளையை மடியில் வைத்திருந்தார்.

டொக்டர் எழுதுவதை நிறுத்தினார். "உங்கட குளிசையாலதான் எண்டு சொல்ல ஏலாது, அக்கா. ஆனா அண்டைக்குச் சொல்லியிருந்தா, குளிசை கிருமியை மறைச்சிருக்கும் எண்டு முதல் வந்த முடிவை நம்பாமல் வேற மருந்து யோசிச்சிருப்பினம்."

அன்றிலிருந்து உன் மனுசன் என்னோடு கதைப்பதில்லை. காலையில் பிள்ளையை வாசலில் விட்டுவிட்டுப் போகிறார்.

வருகிற செவ்வாய் கிளினிக் நாள். வயிற்றோடு வரும் பெண்கள் முன்னால் நின்று இதைச் சொல்லப்போகிறேன். உன் மகள் விளங்கும் வயதுக்கு வந்ததும் அவளுக்கும் நானே சொல்வேன், இது சத்தியம். அதற்குப் பிறகும் என்னை அம்மா என்று கூப்பிடுவாளா என்பதை அவள் முடிவு செய்யட்டும்.

நீ காட்டிக்கொடுக்காத
உன் அக்கா