என் கணவர் ஒரு வாரம் தெருவை ஆள அனுமதி கோருதல்

அனுப்புநர்:
ச. நீலாம்பாள்,
க/பெ சங்கரசுப்பிரமணியன்,
கீழவாய்க்கால் தெரு, பாளையங்கோட்டை.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
ஆட்சியர் அலுவலகம், கொக்கிரகுளம், திருநெல்வேலி.

பொருள்: எங்கள் தெருவின் திருவுளச்சீட்டு ஆட்சியைத் தடுத்த அலுவலர் மீது புகார் – என் கணவரின் முறை வந்தும் ஆள முடியாமல் போனது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் ஓய்வுபெற்ற அரசியல் அறிவியல் பேராசிரியர். சட்டம், அரசு இரண்டையும் பற்றியே வாழ்நாளெல்லாம் யோசித்தவர். தேர்வறை விதிகளை மாணவர்களே எழுதட்டும் என்று ஒருமுறை சொல்லிவிட்டார். அவர்கள் எழுதிய விதிப்படி கண்காணிப்பாளரே வெளியேற்றப்பட்டதால், இவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். கொள்கை ஜெயித்துவிட்டது என்று அன்று பாயசம் வைக்கச் சொன்னார். வைத்தேன்.

2. பதவியை விரும்புகிறவருக்குப் பதவி கொடுக்கக் கூடாது, சட்டம் போடுகிறவரே அதற்கு முதலில் கட்டுப்பட வேண்டும் என்பவை அவர் கொள்கைகள். அதன்படி எங்கள் தெருவில் வெள்ளிதோறும் எல்லார் பெயரையும் எழுதிப் போட்டுப் பிள்ளையார் முன் திருவுளச்சீட்டு எடுக்கிறோம். பெயர் வந்தவர் அந்த வாரம் தெருவை ஆள்வார். ஒரே ஒரு சட்டம் போடலாம். பரோட்டாக் கடை அசன் மைதீன் அண்ணாச்சி, தெருவில் சத்தமாகப் பாட்டு வைக்கக் கூடாதென்று சட்டம் போட்டு, முதலில் தம் கடை ரேடியோவை அணைத்தார். துணி தேய்க்கும் சுடலைவடிவு அக்கா, “இந்த வாரம் குழாயடிக்கு ஆம்பளையாளுவ மட்டும்தான் வரணும்” என்றார். சட்டம் போட்டவர் என்ற முறையில் அவரே முதலில் கட்டுப்பட்டு, குழாய்ப் பக்கமே வராமல் காலை நீட்டி உட்கார்ந்தார். என் கணவர் குடம் சுமந்த அழகைக் காணத் தெருவே கூடியது. பாதித் தண்ணீர் வேட்டிக்குப் போயிற்று. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது ஐயா.

3. இத்தனை வாரமும் அவர் பெயர் மட்டும் வரவில்லை. போன வெள்ளிக்கிழமை வந்தேவிட்டது! பதவியை விரும்பக் கூடாதல்லவா, அதனால் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வீடு வந்தார். கதவைச் சாத்திவிட்டு ஆடினார். நானும் சேர்ந்து ஆடினேன். மறுநாள் காலை எங்கள் பகுதி அலுவலர் ஒருவர் வந்து, ‘இவ்வார அரசு: சங்கரசுப்பிரமணியன்’ என்ற பலகையைக் கண்டு, “என்ன சார்வாள், ஒரு ஊருக்கு ரெண்டு கவர்மெண்டா? இதெல்லாம் சரிப்படாது பாத்துக்கிடுங்க” என்று கழற்றிக்கொண்டு போய்விட்டார். எந்தச் சட்டப்படி என்று கேட்டுக்கொண்டே இவர் தெருமுனை வரை பின்னால் போனார். அன்று அவருக்குப் பிடித்த தேங்காய்ப்பால் சொதிக் குழம்பு வைத்திருந்தேன். மனிதர் தொடவே இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை.

4. நாங்கள் வரி கேட்கவில்லை, போலீஸ் கேட்கவில்லை. பலகையைத் திருப்பித் தரச்செய்து, வருகிற வெள்ளி வரை அவரை ஆள விடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எதிர்ப்பவர் இல்லாத அரசு அரசே அல்ல என்றும் அவர் எழுதியிருக்கிறார். அந்த வேலையைக் கல்யாணமான நாள் முதல் நான் ஒருத்தியே விடுப்பின்றிப் பார்த்து வருகிறேன். எதிர்க்கட்சி மட்டுமே இருந்து, ஆளும் கட்சியே இல்லாத வீடு எங்களுடையது ஐயா. ஒரு வாரமாவது அவர் ஆளட்டும். நானும் முறைப்படி எதிர்த்துக்கொள்கிறேன்.

தங்கள் உத்தரவுக்காக வாசலிலேயே நிற்கும்,
ச. நீலாம்பாள்

இடம்: பாளையங்கோட்டை
நாள்: 16.06.2025