பின்கதவில் தெரிந்த சிவப்பு

சிவகாசி,
ஆகஸ்டு 12.

அன்பு மகள் ஜாஸ்பினுக்கு,

கர்த்தருடைய கிருபையில் நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். இங்கிலாந்தில் நீயும் மாப்பிள்ளை ஜெப்ரினும் பேத்தியும் எங்களைவிட ஒரு படி கூடுதல் சுகத்தோடு இருக்க வேண்டும் என்பதே அன்றாடம் எங்கள் ஜெபம். போன் இருக்கும்போது அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நான் தொடங்கும் வாக்கியத்தை முடிப்பது உன் அம்மாதான்; இந்த விஷயத்தில் முற்றுப்புள்ளி வரை நானே நடந்து போக வேண்டியிருக்கிறது. எழுதி முடித்ததும் அவளே படம் எடுத்து வாட்சப்பில் அனுப்பிவிடுவாள். ஆடி முடியப்போகிறது, வெயில் முடிகிற மாதிரி இல்லை. காலண்டர் சீசன் தொடங்கிவிட்டதால் செழியன் தன் பிரஸ்ஸில் நிறம் சரியாக விழுகிறதா என்று புரூஃப் பார்க்க என்னைக் கூப்பிட்டிருக்கிறான். ஓய்வு பெற்ற பிறகும் நம் கண்ணுக்கு மதிப்பிருக்கிறதே என்று கொஞ்சம் தலை கனத்துத்தான் போனது. அந்தக் கனம் என்னை எங்கே கொண்டுபோய்த் தள்ளியது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

புது ஆஸ்பத்திரி வேலைக்கு அடுத்த மாதம் போகவேண்டும், அந்த ஊரில் வாடகை வீடு கிடைக்கவில்லை, அதனால் குடியிருக்கப் பழைய கேரவன் ஒன்று வாங்கியிருக்கிறோம், அதை மோட்டார்வேயில் இழுத்துப்போக ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி பார்க்கிறோம் என்று நீ சொன்னாய் அல்லவா, அன்றிலிருந்து அம்மாவைச் சமாளிப்பதே பெரும்பாடாகிவிட்டது. கேரவன் என்றால் சினிமாக்காரர்கள் உட்காருவது என்றுதான் அவளுக்குத் தெரியும். "வீட்டக் கயித்தக் கட்டி இழுத்துக்கிட்டா போவா? பச்சப்புள்ளய வச்சுக்கிட்டு இதென்ன கூத்து?" என்று கேட்டவள், மறுநாள் பக்கத்து வீட்டில், "எம்மக கேரவன் வாங்கியிருக்கா" என்று பெருமையாகவும் சொல்லிவிட்டு வந்தாள். இரண்டு வண்டிகளின் படங்களை அனுப்பி, "நீங்க எதையும் நாலு தடவ பாப்பீகள்லாப்பா, பாத்துச் சொல்லுங்க" என்று நீ கேட்டபோது நான் நேர்மையாக மறுத்திருக்க வேண்டும். என் வாகன அனுபவம் ஒரே ஒரு மொபெட். அதையும் பஜார் வந்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவேன். சாத்தூர் போகும் பஸ் நான்குவழிச் சாலையில் லாரியை முந்தினால் கண்ணை மூடிக்கொள்கிறவன் நான்.

ஆனாலும் கேரவன் இழுப்பது பற்றி நீ கூடவே அனுப்பிய குறிப்புகளையெல்லாம் காகிதத்தில் எடுத்து, பென்சிலால் கோடு போட்டுப் படித்தேன். இழுக்கப்படும் கேரவனின் எடை, இழுக்கும் வண்டியின் எடையில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்குள் இருப்பது நல்லது; அடிப்பாகத்தில் துரு இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும்; பின்னால் கொக்கி மாட்டும் இடத்து போல்ட்டுகளை ஆட்டிப் பார்க்க வேண்டும்; கேரவன் ஆடத் தொடங்கினால் சட்டென்று பிரேக் போடாமல் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். இதை அம்மாவிடம் ஒப்பித்தபோது, "எங்கிட்ட எதுக்குச் சொல்லுதீக, நானா இழுக்கப்போறேன்?" என்றாள். கணக்குப் போட்டுப் பார்த்ததில், நீ பார்த்த இரண்டில், ஆட்டுக்கிடை வைத்திருக்கும் ஒரு விவசாயி விற்கும் சாம்பல் நிற வண்டி கனமானது, கேரவனுக்குச் சரியாக இருந்தது. கடையில் நின்ற வெள்ளை வண்டி பார்க்க அழகு, ஓடியதும் குறைவு, ஆனால் எடை போதாது. சாம்பல் வண்டியை வாங்கு என்று சொல்லி அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் நான் ராஜசிங் இல்லையே.

போனில் படம் சின்னதாகத் தெரிகிறது என்று செழியனின் டிஜிட்டல் மெஷினில் இரண்டையும் பெரிதாக அச்சடித்து வாங்கினேன். மேஜையில் விரித்து, புரூஃப் பார்க்கும் லென்ஸை வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். சாம்பல் வண்டியின் பின்கதவில் மட்டும் லேசான சிவப்பு ஓடியது. வேறு யார் கண்ணுக்கும் படாது. ஆயுள் முழுக்கக் காலண்டர் நிறம் பார்த்த கண்ணுக்குத் தப்புமா! அடிபட்டு மறுபடி பெயிண்ட் அடித்த வண்டி, தொடாதே என்று உன்னிடம் சொன்னேன். என் வாழ்நாளில் அவ்வளவு உறுதியாக நான் எதையும் சொன்னதில்லை. அம்மாவே குறுக்கே பேசவில்லை. நீயும் "சரிப்பா" என்றாய். பரிசு வாங்கிய பையனைப் போல அன்று முழுவதும் வீட்டுக்குள் உலாத்தினேன்.

நேற்று ஒரு சபைக் காலண்டரின் புரூஃப் வந்தது. போதகரின் வெள்ளை அங்கியில் ஒரு கை மட்டும் ரோஸ் நிறம். பாஸ்டர் ஹோலி விளையாடிவிட்டு வந்தாரா என்று செழியனிடம் சத்தம் போட்டேன். அவன் நிதானமாக, "அண்ணாச்சி, இந்த மெஷின்ல ஓரத்துல சிவப்பு தூக்குதுன்னு நீங்கதான போன மாசமே சொன்னீக. சர்வீஸ்காரன் இன்னும் வந்தபாடில்ல, நான் என்ன செய்ய?" என்றான். உன் வண்டிப் படங்களை அச்சடித்ததும் அதே மெஷின்தான். வீட்டுக்கு வந்து உன் வண்டிப் படத்தை எடுத்து ஸ்கேல் வைத்து அளந்தேன். அதே ஓரம், அதே அகலம். வெள்ளை வண்டிப் படத்தில் அந்த ஓரத்தில் கடையின் செங்கல் சுவர் இருந்ததால் சிவப்பு தெரியாமல் போயிருக்கிறது. கதவுக்கு ஒன்றுமில்லை மகளே, எங்கள் மெஷினுக்குத்தான் கோளாறு. மெஷின் கோளாறைக் கண்டுபிடித்தவனும் நான்தான், அதே மெஷினை நம்பியவனும் நான்தான். என் பேச்சை நம்பி நீ அந்த லேசான வண்டியை வாங்கி, பெரிய லாரி கடக்கும் காற்றில் கேரவன் ஆடி, பின் சீட்டில் பேத்தியும் இருந்தால் என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த விவசாயியை உடனே கூப்பிடு. தப்பு சிவகாசியில் நடந்தது என்று சொல். வண்டியை ஒரு மெக்கானிக் பார்க்கட்டும், நான் பார்த்தது போதும்.

இதுவரை எழுதி அம்மாவிடம் படம் எடுக்கக் கொடுத்தேன். நின்றபடியே படித்தவள் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும் மட்டும் சிரித்தாள். பிறகுதான் சொன்னாள், "அவ அன்னைக்கே அந்தச் சாம்பல் வண்டிக்கு அட்வான்ஸ் குடுத்துட்டா. மெக்கானிக்கு அடியில படுத்துப் பாத்து, கதவு கம்பெனி பெயிண்டுதான்னுட்டானாம். அப்பாட்ட சொல்லாதீகம்மா, மனசு ஒடிஞ்சிருவாகன்னா." முதலில் முகம் சுட்டது. அப்புறம் யோசித்தேன். நர்சிங் வேண்டாம், டீச்சர் டிரெயினிங் போ என்றபோதும் நீ "சரிப்பா" என்றுதான் சொன்னாய். நர்ஸாகிப் பத்து வருடம் ஆன மகளைப் பார்த்தும் உன் "சரிப்பா"வுக்கு என்ன பொருள் என்று விளங்காத நான், லென்ஸ் வைத்துக் கதவைப் பார்த்திருக்கிறேன். ஜெபத்தில் உன் கீழ்ப்படியாமைக்காக ஸ்தோத்திரம் சொன்னேன், அம்மா ஆமென் சொல்லாமல் திரும்பவும் சிரித்தாள். நேற்று விட்ட சோற்றையும் சேர்த்து இன்று சாப்பிட்டேன்.

புறப்படும் இடத்திலும் வழியிலும் போய்ச் சேரும் இடத்திலும் ஆண்டவர் உங்கள் மூவரையும் பத்திரமாக வைத்திருப்பாராக. கிளம்பும் முன் கொக்கி, சங்கிலி, பின்விளக்கு மூன்றையும் ஒரு சுற்று நடந்து பார்த்துவிடு. கேரவன் ஆடினால் பிரேக் வேண்டாம், காலை எடு. இது என் கண் பார்த்துச் சொன்னதில்லை, நீ அனுப்பியதில் அச்சாகியிருந்தது, அதனால் தைரியமாகக் கேட்கலாம். மற்றதற்கெல்லாம் வழக்கம்போல "சரிப்பா" என்று சொல்லிவிட்டு, உனக்குச் சரியென்று படுவதைச் செய்.

என்றும் உன் அன்பு அப்பா,
ஐ. ராஜசிங்